பாலம் எங்கேயும் போகாது

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்தாயிற்று.

அன்பு மகள் சில்லுவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, இடது முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது, லிஃப்ட் மெக்கானிக்குக்கு முழங்கால் வலி என்றால் ஊரே சிரிக்கும், ஆனால் ரிப்பேரான லிஃப்டைப் பார்க்கப் போகிறவன் படியில்தானே போகவேண்டும், அதை யாரும் யோசிப்பதில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் ஃபோனில் நீ சொல்வது நாலே வாக்கியம். சாப்பிட்டேன்பா. கிளாஸ் இருக்குப்பா. ஒண்ணும் வேணாம்பா. வெச்சிடட்டுமாப்பா. இதற்கு நடுவில் நான் எங்கே புகுந்து பேசுவது. அதனால்தான் கடிதம். கடிதத்தை நீ பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மேஜை மேல் கிடக்கும், மறுபடி எடுப்பாய்.

முதலில் வீட்டுச் செய்திகள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததே, வாஷர் மாற்றிவிட்டேன், இப்போது சத்தமில்லை, சத்தமில்லாமல் இருப்பதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. பெரியம்மா போன வாரம் வந்தாள். வந்ததும் வராததுமாக அலமாரியைத் திறந்து அம்மாவின் துணிகளைப் பைகளில் போட ஆரம்பித்தாள், யாருக்காவது உபயோகப்படும், இப்படியே வெச்சிருந்தா உனக்குத்தான் நல்லதில்ல என்றாள். அவள் சொல்வது சரி. சரியானதைச் சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே கோபம் வரும். கடைசியில் இரண்டு பை போனது, பச்சை ஸ்வெட்டரை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன், முழங்கையில் நீ தைத்த தையல் இருக்கிறதே, அது. பிறகு நான் அம்மாவின் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, உனக்கென்ன வயசு குறைஞ்சிக்கிட்டே போகுதா, பொண்ணு காலேஜ் படிக்குது, அப்பன் உக்காந்து கேம் ஆடுறான் என்று திட்டினாள். எனக்கு வயது குறைவுதான் என்றேன். உண்மைதானே. நீ பிறந்தபோது எனக்கு இருபத்தொன்று. உன்னைச் சேர்க்க வந்த அன்று விடுதி வார்டன், கார்டியன் வரலையா தம்பி, அண்ணன் கையெழுத்தெல்லாம் செல்லாது என்றாளே, நினைவிருக்கிறதா. அன்றைக்கு நீ சிரித்ததுதான் நான் கடைசியாகப் பார்த்த உன் சிரிப்பு.

உன் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. நீ அனுப்பிய படத்தில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர், கெட்டில், லேப்டாப் மூன்றும் தொங்குகின்றன. அந்த வயரின் தடிமன் எனக்குப் படத்திலேயே தெரிகிறது. ஹீட்டரை எடுத்து நேராகச் சுவரில் செருகு. இன்றைக்கே. மற்றபடி கண்ணாடியின் பவர் சரிபார், முதுகை வளைத்துக்கொண்டு படிக்காதே, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. அம்மா சொல்லவேண்டியதையெல்லாம் நான் சொல்லும்போது உத்தரவு மாதிரி இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. அவளுக்கு வந்த குரல் எனக்கு வராது. விஷயம் அதேதான், எடுத்துக்கொள்.

இப்போது எழுத வந்ததை எழுதுகிறேன். ஏப்ரலில் ஒருநாள் உனக்கு ஃபோன் செய்து, அம்மாவோட பழைய ஃபோன்ல பேட்டரி உப்பிடுச்சு, பின்மூடியே தூக்கிக்கிட்டு நிக்குது, தூக்கிப் போட்டுடட்டுமா என்று கேட்டேன். எனக்கு அது ஒரு கெட்டுப்போன பேட்டரி, அவ்வளவுதான். நீ கத்தினாய். போடாதீங்க, அதுல அம்மா பாதி வழியில நிக்கிறா, நான்தான் நிறுத்தினேன், அவ போறேன்னு சொன்னா, நான்தான் ஃபோனைப் பிடுங்கி வெச்சேன் என்று சொல்லி அழுதாய். நான் என்ன பாதி வழி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாய். மறுநாள் லீவுக்கு வீட்டுக்கு வரவில்லை என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு அந்த நாலு வாக்கியம்தான்.

பாதி வழி என்றது அந்தக் கேமை என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் ஆனது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ட்ரிப்ஸ் ஏறும்போது நீங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்ப்பீர்களே, ஒரு பெண் முதுகில் மரநாற்காலியைக் கட்டிக்கொண்டு புல்வெளியில் நடந்துகொண்டே இருப்பாளே, அது. எங்கோ தூரத்தில் அவளுடைய அக்கா வீடு, இவள் அந்த நாற்காலியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், கதை அவ்வளவுதான். எதிரி கிடையாது, பாயிண்ட் கிடையாது, நேரக்கணக்கு கிடையாது, விழுந்தால் சாவது கிடையாது, அவள் விழுவதே கிடையாது. அப்போதே நான் எட்டிப் பார்த்துவிட்டு, இதுல எப்பதான் ஜெயிக்கிறது என்று கேட்டேன். அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள், ஜெயிக்கிறதுக்கு இதுல யாரும் இல்ல, அதான் நல்லா இருக்கு, காலைலேர்ந்து பாக்குறவங்க எல்லாம் போராடு போராடுன்னு சொல்லிட்டுப் போறாங்க, இது ஒண்ணுதான் உக்காருன்னு சொல்லுது என்று. அப்புறம் என்னைப் பார்த்து, உங்களுக்கு இது ஆகாது, அவசரக்குடுக்கை, போய் மருந்துச் சீட்டைக் குடுத்துட்டு வாங்க என்றாள். நான் போனேன். யாராவது போகத்தான் வேண்டும், அந்த வரிசையில் நிற்க என்னை விட்டால் ஆள் இல்லை. இதை நான் மன்னிப்பு கேட்கிற தொனியில் எழுதவில்லை. நடந்தது இது என்று எழுதுகிறேன்.

சரி, ஏப்ரலுக்கு வருகிறேன். உன் அம்மா பாதி வழியில் நிற்கிறாள் என்றால் நான் போய்ப் பார்க்க வேண்டாமா. அவள் போன பயணத்தைத் தொட எனக்குப் பயமாக இருந்தது, ஏதாவது அழிந்துவிட்டால் நீ என்னை உயிரோடு விட மாட்டாய். அதனால் அதே ஃபோனில் புதிதாக இன்னொரு பயணம் ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், எட்டுமாடிக் கட்டிடத்தின் உச்சியில் மோட்டார் இருக்கிற அறையில் உட்கார்ந்து. அங்கே யாரும் வரமாட்டார்கள், மோட்டார் மட்டும் ஓடி ஓடி நிற்கும். திரையில் அந்தப் பெண் நின்றாள். வழி நேராகப் போனது. நான் போய்க்கொண்டே இருந்தேன். குளம் வந்தது, தாண்டினேன். பழைய மரம் வந்தது, தாண்டினேன். ஒரு கிழவர் வேலி கட்டிக்கொண்டிருந்தார், அவரையும் தாண்டினேன். ஒரே சாப்பாட்டு நேரத்தில் மூன்று அத்தியாயம் முடித்தேன். இவ்வளவுதானா, இதற்கா இந்த அழுகை என்று நினைத்தேன். அப்புறம் ஆற்றங்கரை வந்தது. படகுக்காரி ஒருத்தி நின்றாள். வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டாள். கீழே பதில்கள் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன். நீ சிரிப்பாய், சிரி. தினமும் எத்தனை பேருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன், ஒரு தடவை அழுத்தினாலே லிஃப்டுக்குத் தெரியும், பத்து தடவை அழுத்தினால் பத்து லிஃப்ட் வராது என்று. நான் அந்தப் படகுக்காரி தலையில் ஐம்பது தடவையாவது குத்தியிருப்பேன். அவள் அதே கேள்வியோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று நாள் இப்படி. ஃபோனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். திரையைத் துடைத்துப் பார்த்தேன். கேம் பழுது என்று முடிவு கட்டிவிட்டேன். அதைச் செய்தவர்களுக்கு முறையாக ஒரு புகார் எழுதினேன், எங்கள் கம்பெனிக்கு எழுதுவேனே, அதே மாதிரி, பழுதின் இடம், நிகழ்ந்த விதம், எடுத்த நடவடிக்கை, எதிர்பார்த்தது, கிடைத்தது என்று தலைப்புப் போட்டு. நான்கு நாளில் பதில் வந்தது. கேமைச் செய்ததே இரண்டு பேர்தானாம், அதில் ஒருத்தி எழுதியிருந்தாள். இவ்வளவு ஒழுங்கான புகார் எங்களுக்கு வந்ததே இல்லை, நன்றி, ஆனால் பழுது எதுவும் இல்லை, நீங்கள் ஒரு முறைகூட நாற்காலியை இறக்கி உட்காரவில்லை, எதையும் பார்க்காதவரிடம் சொல்வதற்கு என்ன இருக்கும், அதனால்தான் பதில் காலியாக இருக்கிறது என்று. கூடவே ஒரு வரி, உங்களுக்கு முன்னால் இதே ஃபோனில் யாராவது விளையாடியிருந்தால் அவர்கள் உட்கார்ந்த இடத்தில் புல் படுத்திருக்கும், நாளாக நாளாக அந்தத் தடத்தில் மஞ்சள் பூ முளைக்கும், வழி தெரியாவிட்டால் அதைப் பார்த்துப் போங்கள்.

அந்த வரியை நான் மோட்டார் அறையில் நின்றுகொண்டே படித்தேன். கூட வேலை செய்கிற கிரீஸ் அந்த நேரம் பார்த்துத்தான் மேலே வந்தான், சட்டை முழுக்க எண்ணெயோடு திரிவானே, அவன்தான். என்ன தல, லெவல் எத்தனை என்றான். லெவலே இல்லை என்றேன். லெவல் இல்லேன்னா அது கேமா, சீரியலா என்றான். பேசாமல் போடா என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கீழே பிரேக் பார்க்கிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டான். நல்லவன். வாய்தான் கொஞ்சம்.

நான் திரும்பி நடந்தேன் சில்லு. முதலில் இருந்து. இந்தத் தடவை கீழே பார்த்துக்கொண்டு. குளத்தங்கரையில் இருந்தது, வழியை விட்டு இரண்டடி தள்ளி, சின்னதாகப் புல் படுத்து, நாலு கால் பதிந்த குழி, முன்னால் பாதம் வைத்த இடம் தனியாக மடிந்து, ஓரமெல்லாம் மஞ்சள் பூ. உன் அம்மா உட்கார்ந்த இடம். பாதம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். இங்கே தண்ணீரைப் பார்த்து. நான் அதே தடத்தில் நாற்காலியை இறக்கினேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. என் கட்டைவிரல் துடித்தது. அப்புறம் திரையிலிருக்கிற பெண் செருப்பைக் கழற்றினாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாரை வந்து இறங்கியது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவள் செருப்பைக் கழற்றியபோது எனக்கு ஆஸ்பத்திரித் தரை நினைவுக்கு வந்துவிட்டது. தரை சில்லென்று இருக்கும், அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு என் டூல் பை மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொள்வாள், ஸ்பேனர் குத்தலையா என்றால், உங்களைவிடக் கம்மியாத்தான் குத்துது என்பாள். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. மோட்டார் எத்தனை தடவை ஓடியது என்றும் தெரியாது.

அப்புறம் தினமும் ஒரு தடம். ஒன்றுக்கு மேல் என்னால் முடியவில்லை. மரத்தடியில் கிளையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், அங்கே மழை பெய்யும், அந்த மழைச் சத்தத்துக்காகவே உட்கார்ந்திருப்பாள். வேலி கட்டுகிற கிழவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவர் வேலி எதற்கு என்று கேட்டால் ஆடு வரும் என்பார், எங்கேயும் ஆடு கிடையாது. பாதிக் கதை அவர் சொல்வதில்தான் இருக்கிறது, அந்த அக்கா ஏன் இத்தனை வருஷம் தள்ளி இருக்கிறாள், நாற்காலி யாருடையது எல்லாம். நான் தாண்டிப் போனபோது அந்த மனுஷர் வாயே திறக்கவில்லை. தாண்டிப் போகிறவனிடம் யார் பேசுவார்கள். ஒன்று ஒத்துக்கொள்கிறேன், இது எனக்குப் பிடித்திருக்கிறது. இதில் சாமர்த்தியம் காட்ட இடமே இல்லை. நாள் முழுக்கப் பழுது பார்க்கிறவனுக்கு, பழுதே இல்லாத ஓர் இடத்தில் அரைமணி உட்கார்ந்திருப்பது என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

படகுக்காரி இந்தத் தடவை கேட்டபோது பதில்கள் இருந்தன. நாரை என்றேன். ஏறு என்றாள்.

அக்கரையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பாலம். நீ சொன்ன பாலம். தூரத்திலிருந்து பார்த்ததுமே நடையை நிறுத்திவிட்டேன். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்றும், பாலத்தைப் பார்த்ததும் நீ கத்தினாய், அம்மாவும் கத்தினாள், நர்ஸ் வந்து திட்டினாள் என்றும் அன்றைக்கு நீதான் எனக்குச் சொன்னாய். அப்புறம் அம்மா நாற்காலியைத் தூக்கப் போக, போதும்மா, நீ படு, எனக்கும் படிக்கணும், பரீட்சை முடிஞ்சு வந்து போகலாம் என்று நீ ஃபோனை வாங்கி வைத்தாய். அதற்கு அவள், சரி சில்லு, பாலம் எங்கேயும் போகாது என்றாள். அதை நான் வாசலில் நின்று கேட்டேன். நீ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அவளுக்கு நினைவு தப்பியது. மிச்சம் உனக்குத் தெரியும்.

பாலத்தின் இந்தப் பக்கம் தடம் இருந்தது. நானும் நாற்காலியை இறக்கி அதிலேயே உட்கார்ந்தேன். இதோடு முடிந்தது, இனிமேல் அவள் தடம் இருக்காது, வெறும் புல்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் அங்கேயே உட்கார்ந்தேன். கேமில் அல்ல, நிஜமாக ஒரு வாரம். தினமும் ஃபோனைத் திறப்பது, பாலத்தைப் பார்ப்பது, மூடுவது. அப்புறம் நான் நானாகத்தானே இருப்பேன். எழுந்து பாலத்தைத் தாண்டினேன்.

தாண்டிய இடத்தில், பத்தடியில், புல் படுத்திருந்தது.

ஃபோன் பழுதோ என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். நாலு கால் குழி, பாதம் வைத்த மடிப்பு, மஞ்சள் பூ. அதற்கப்பால் மேட்டில் இன்னொன்று. மேடு இறங்கினால் அக்கா வீடு, ஓட்டு வீடு, கதவு பாதி திறந்திருக்கிறது. வாசற்படிக்கு முன்னால் கடைசித் தடம். சில்லு, அம்மா பாலத்தோடு நிற்கவில்லை.

நீ இப்போது என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். நீ தூங்கிய பிறகு அன்றைக்கு ராத்திரியே எடுத்துப் போயிருப்பாளோ, கஷ்டப்பட்டுப் போயிருப்பாளோ என்று கேட்பாய். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் நினைத்ததை எழுதுகிறவன் இல்லை, சோதித்ததை எழுதுகிறவன். அவள் உட்காராத இடங்களில் நான் உட்கார்ந்து, என் தடங்களில் பூ எப்படி வருகிறது என்று பார்த்தேன். வாரத்துக்கு ஒன்று. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒரு மாதம் காத்திருந்து உறுதி செய்துகொண்டேன், அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு தாமதம். பிறகு அம்மாவின் தடங்களில் எண்ணினேன். பாலத்தில் இருப்பதைவிட வாசற்படியில் மூன்று பூ அதிகம். மூன்று தடவை எண்ணிவிட்டேன், கிரீஸைக் கூப்பிட்டு அவனையும் எண்ணச் சொன்னேன், ஏன் எதற்கு என்று கேட்காமல் எண்ணினான், அவனுக்கும் அதேதான் வந்தது.

அப்படியென்றால் நீ பாலத்தைப் பார்த்துக் கத்தின நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே அவள் அந்த வாசல்வரை போய்விட்டாள். நீ ஸ்கூலில் இருந்திருப்பாய், நான் மருந்து வரிசையில் நின்றிருப்பேன், அவள் தனியாக நடந்து போயிருக்கிறாள். போய்விட்டுத் திரும்பி வந்து, நீ எங்கே விட்டாயோ அங்கேயே நாற்காலியை இறக்கி, மறுநாள் உன்கூடப் புதிதாக நடந்திருக்கிறாள். பாலத்தைப் பார்த்து உன்னோடு சேர்ந்து கத்தினாளே. நடிகை. பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாது.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நாலு தாள். மற்ற எல்லா இடத்திலும் அவள் எதையாவது பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீரை, மரத்தை, மழையை. வாசற்படித் தடத்தில் பாத மடிப்பு வீட்டுப் பக்கம் இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். கதவுக்கு முதுகைக் காட்டி, வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் மேடு தெரியும், மேட்டுக்கு அப்பால் பாலத்தின் நுனி தெரியும். நீ வருகிற வழி.

உள்ளே போனாளா, அக்காவைப் பார்த்தாளா, எனக்குத் தெரியாது. உள்ளே புல் கிடையாது, தடம் விழாது. தெரியாததைத் தெரியும் என்று உனக்கு எழுத மாட்டேன். நானும் போகவில்லை. அவள் திருப்பிப் போட்ட இடத்திலேயே, அதே பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இப்போது பாலத்தின் இந்தப் பக்கம் இருக்கிறேன்.

நீ கெட்டிக்காரி, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தப்பாக வயரைச் சேர்த்து வைத்திருக்கிறாய். நீ ஃபோனை வாங்கி வைத்தது ஒரு லைன். அம்மா போனது வேறு லைன். இரண்டுக்கும் எங்கேயும் இணைப்பு இல்லை, நான் முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டேன். நீ நிறுத்தியதால் அவள் எதையும் இழக்கவில்லை. உன்னை விட்டுவிட்டு முடிக்க அவளுக்கு மனசில்லை, அதுதான் நடந்தது. இதைச் சொல்வதால் அவள் திரும்பி வரப்போவதில்லை, உன் துக்கமும் குறையப் போவதில்லை, என்னுடையது குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இந்த வீடு எப்படி இருக்கிறது என்று எழுத எனக்கு வார்த்தை கிடையாது. ஆனால் துக்கம் வேறு, குற்றம் வேறு. முதலாவதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து சுமக்கலாம். இரண்டாவதை இறக்கி வை. அது உன்னுடையது இல்லை.

பெரியம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கிரீஸும் கேட்டான், பாப்பா எப்படி இருக்கு என்று, உனக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான். நன்றாகப் படி, நன்றாகத் தூங்கு, யாராவது உன்னிடம் தைரியமாக இரு என்று சொன்னால் தலையாட்டிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள். அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, அதற்கு அத்தாட்சி ஃபோனில் இருக்கிறது. என்னுடையதும் உண்டு, அதற்கு அத்தாட்சி இந்தக் கடிதம். ஹீட்டரைச் சுவரில் செருகினாயா?

இப்படிக்கு,
உன் அப்பா,
அம்மா வைத்த பெயரில் அவசரக்குடுக்கை

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை அம்மா ஃபோனுக்குப் புது பேட்டரி. நானே மாற்ற மாட்டேன், எனக்குக் கை அவசரம். கடையில் கொடுத்துவிட்டு, அவன் வேலையை முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

2. சூப்பர்வைசரிடம் அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு கேட்பேன். தரமாட்டேன் என்பார். முழங்காலைக் காட்டுவேன்.

3. நீ வீட்டுக்கு வருவதாக இருந்தால் ஸ்டேஷனில் நிற்பேன். வர முடியவில்லை என்றால் ஃபோனையும் பச்சை ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு நானே அங்கே வருவேன். வார்டனிடம் அண்ணன் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

4. அதுவரை பாலத்தின் இந்தப் பக்கம், அம்மாவின் தடத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்திருப்பேன். நீ வரும்வரை எதையும் அழுத்த மாட்டேன்.